உடலின் போர்வை

பாம்பு உரித்துப் போட்ட சட்டையைச் சிற்றூர்களில் வாழ்வோர் பலரும் கண்டிருப்பர். வேலியோரத்திலும் கற்குவியலின் இடையிலும் அது கண்ணாடித்தாள்போலக் காற்றில் அசைந்துகொண்டு கிடக்கும். மனிதனும் இவ்வாறே சட்டை உரிக்கின்றான் என்றால், கேட்போர்க்கு வியப்புத் தோன்றும். பாம்பு ஆண்டில் சில முறை தன் மேல்தோல் முழுவதையும் ஒருசேரக் கழற்றிவிடுகிறது. மனிதனோ நாள்தோறும், நாழிகைதோறும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக அதனை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றான். பாயை உதறும்போது சன்னல் வழியே புகும் கதிரொளியில் பறக்கின்ற தூசியிலே, அவன் அணிந்திருந்த பழைய தோலும் கலந்திருக்கிறது.

தோல் இரண்டு அடுக்குகளால் ஆயது. உள்ளே இருப்பது கீழ்த்தோல். குருதிக் குழாய்களும் நரம்பு முனைகளும் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அதில் அமைந்துள்ளன. அதனைப் போர்த்தியிருப்பது மேல்தோல். மேல்தோலின் அடித்தளத்தில் உயிரணுக்கள் இடையறாது பிறந்துகொண்டிருக்கின்றன. பின்னே பிறப்பவை முன்னே பிறந்தவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலேறுந்தோறும் அவ்வணுக்கள் தட்டையாகி, உள்ளே கெரட்டின் என்னும் உறுதியான பொருள் நிறைய, இறுதியில் உயிர் நீத்துப் புறத்தே ஓடுபோல் படிந்து நிற்கின்றன. நகமும் மயிரும் ஆவதும் இக் கெரட்டினே. அடித்தளத்தில் பிறந்த ஓர் அணு புறத்தே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. ஆதலின் சென்ற மாதம் வெயிலில் அலைந்த அதே மேல்தோல் இன்று ஒருவர் உடலில் பெரும்பாலும் இல்லை.

உயிரற்ற அணுக்களாலான இப் புறப்படலமே உடலின் மதில். கொத்தனார் கட்டும் சுவரில் செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல, இவ்வணுக்களுக்கு இடையே ஒருவகைக் கொழுப்புப் பொருள் நிறைந்து அவற்றைப் பிணைக்கின்றது. உள்ளேயுள்ள நீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளியேயுள்ள கிருமிகள் உள்ளே புகாமலும் காப்பது இச் சாந்தே. மதில் என்று கூறினாலும் உடலின் பெரும்பகுதியில் அதன் கனம் எழுதும் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. இவ்வளவு மெல்லிய படலத்தின் அருமை, அதனை இழந்தவரிடத்தேதான் நன்கு விளங்கும். உடலின் பெரும்பகுதி தீயில் வெந்தவர் பின்னர் உயிருக்குப் போராடுவது சுட்ட வேதனையால் மட்டுமன்று. மதில் இடிந்த கோட்டையிலிருந்து நீர் வெளியேறுவதும், அதனுள் கிருமிகள் புகுவதுமே அவருக்குப் பேரிடராகின்றன.

வளர்ந்தவர் ஒருவரின் தோலை விரித்தால் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். ஏறத்தாழ ஒருவர் படுக்கும் கோரைப்பாயின் அளவு எனலாம். இப் பரப்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரையில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. கத்திரி வெயிலில் உழைப்பவரின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளிப்படலாம். வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. மண்பானை நீர் குளிர்வது எவ்வாறோ அவ்வாறே உடலும் குளிர்கிறது. ஆனால் கடற்கரையூர்களில் காற்றே ஈரமாக இருத்தலின், வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே தங்குகிறது. அவ்வீரத்தில் ஊறிய தோல் பருத்து, வியர்வை வெளிவரும் நுண்துளைகளை அடைத்துவிடும்போது தோன்றுவதே வேர்க்குரு. வேர்க்குருவின்மேல் முகப்பூச்சு மாவை அள்ளிக் கொட்டுவோர் பலர். மாவு வியர்வையில் குழைந்து அத் துளைகளை மேலும் அடைக்குமேயன்றித் திறக்காது. குளிர்ந்த நீரும், காற்றோட்டமும், உடலை இறுக்காத பருத்தி ஆடையுமே அதற்குத் தக்க மருந்து.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் நாள்தோறும் நீராடுதல் இன்றியமையாதது. தமிழர்க்கு இதனைக் கூறவேண்டுவதில்லை. நீராடும் முறையில்தான் சில பிழைகள் நேர்கின்றன. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மை உடையது. அப் புளிப்பில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் தழைத்து வாழ்கின்றன. தீமை செய்வன பல தழைக்க மாட்டா. சோப்போ காரத்தன்மை உடையது. அழுக்கை நீக்கும்போதே, அணுக்களுக்கு இடையேயுள்ள சாந்தையும் அது சிறிது கரைத்துக்கொண்டு போகிறது. நாளைக்கு ஒரு முறை சோப்பிட்டுக் குளித்தால், தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சீர்செய்துகொள்ளும். நாளைக்கு மூன்று நான்கு முறை நுரை பொங்கத் தேய்த்து, கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, பீர்க்கங்கூட்டால் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பவர் தூய்மை செய்வதாக எண்ணிக்கொண்டு தம் மதிலைத் தாமே இடிக்கின்றனர். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கே சோப்பு மிகுதியும் தேவை. கைகளிலும் முதுகிலும் அழுக்குப் படியாத நாளில், தண்ணீரே போதும்.

நீராடுவதைப்போன்றே முதன்மையானது, நீராடியபின் துவட்டுவது. பலர் தலையையும் மார்பையும் துவட்டிவிட்டு, விரலிடுக்குகளை ஈரத்தோடு விட்டுவிடுகின்றனர். பின்னர் அவ்வீரக் காலை அப்படியே காலுறைக்குள் நுழைத்து, காலணியையும் அணிந்து, மாலை வரை பள்ளியில் இருக்கின்றனர். இருளும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே அமைந்த அவ்விடம் பூஞ்சைக்குச் சிறந்த விளைநிலமாகிறது. நாற்றங்காலிலும் நடவு வயலிலும் நெடுநேரம் நிற்பவர்க்கு விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணும் தோல் ஈரத்தில் ஊறி வெளுத்துப் பிளப்பதனால் வருவதே. நடவுக் காலத்தில் கால்விரல்களுக்கு மருதாணி அரைத்து அப்பிக்கொள்வது சிற்றூர் வழக்கம். ஆயினும் வயலிலிருந்து கரையேறியதும் காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துணியால் துடைப்பதே அதற்கு முதல் மருந்து. செலவில்லாத மருந்தாகையால் அதனை மதிப்பார் அரியர்.

எண்ணெய் முழுக்கைப் பற்றி இக் காலத்தில் இருவேறு கருத்துகள் உண்டு. அது எந் நோயையும் தீர்க்கும் என்பாரும் உளர். பயனற்ற பழவழக்கம் என்பாரும் உளர். இரண்டும் மிகையே. வறண்ட தோலுக்கு எண்ணெய் நல்லது. மார்கழி, தை மாதங்களின் பனிக்காற்றில் கைகால்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளிறி வெடிப்பது, சாந்து குறைந்த சுவரில் விரிசல் காண்பதை ஒக்கும். அப்பொழுது நீராடித் துவட்டியவுடன், ஈரப்பசை முற்றும் நீங்குமுன், சில துளி தேங்காயெண்ணெயைக் கைகால்களில் தடவிக்கொண்டால் அந்த ஈரம் தோலினுள்ளேயே தங்கும். இரண்டு கரண்டி நல்லெண்ணெயைத் தேய்த்து, உடனே அரப்பாலும் சீயக்காயாலும் அதனை முழுவதும் நீக்கிவிடுவதைவிட, தோலுக்கு இது மிகுந்த பயன் தரும். பித்தவெடிப்பு என்று வழங்கும் குதிகால் பிளவிற்கும் பித்தத்திற்கும் தொடர்பில்லை. வெறுங்காலோடு நடப்பதாலும் வறட்சியாலும் தடித்த தோல், உடலின் எடை தாங்காது பிளப்பதே அது. இரவில் காலைச் சிறிது நேரம் வெந்நீரில் ஊறவைத்து, குளியல் கல்லால் மெல்லத் தேய்த்து, எண்ணெய் பூசி வந்தால் சில வாரங்களில் பிளவு கூடிவிடும்.

ஆனால் முகப்பரு உள்ளவர்க்கு எண்ணெய் ஆகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் வளர்ச்சிக்குரிய சுரப்புகள் பெருகும்போது, முகத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் விரைந்து தொழிற்படுகின்றன. அவ்வெண்ணெய் வெளிவரும் வாய் அடைபட்டு வீங்குவதே பரு. அழுக்கினால் வந்தது என்று கருதி, மாணவர் சிலர் முகத்தை நாளைக்குப் பத்து முறை கழுவுகின்றனர். சிலர் பற்பசையைப் பூசுகின்றனர். சிலர் நகத்தால் பிதுக்குகின்றனர். பிதுக்கிய பரு ஆறினாலும் அதன் வடு ஆறாது. நாளைக்கு இரு முறை முகம் கழுவினால் போதும். தலைக்கு இட்ட எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும். பருக்கள் பெரிதாகி வலித்தால், அவற்றைத் தீர்க்க வல்ல மருந்துகள் மருத்துவரிடம் உள்ளன. வயது வந்தால் போய்விடும் என்று வாளாவிருந்து, வாழ்நாள் முழுவதும் வடுவைச் சுமப்பவர் பலர்.

தொழில் காரணமாகவும் தோல் துன்புறுவதுண்டு. ஈரச் சிமெண்டைக் கையால் அள்ளும் சித்தாள்கள், சலவைத் தூளில் நாள் முழுவதும் கை நனைப்போர், மாவாட்டிப் பாத்திரம் துலக்கும் பெண்டிர் ஆகியோரின் கைகளில் வெடிப்பும் அரிப்பும் காணலாம். சிமெண்டு கடுங்காரம் உடையது. ஈரத்துடன் நெடுநேரம் கையில் படிந்தால் தோலை வேகவைத்துவிடும். வேலை முடிந்தபின் கழுவலாம் என்று இராமல், படிந்தவுடன் கழுவுதலும் ரப்பர் கையுறை அணிதலும் நன்று. கையுறைகள் கொடுக்கப்படாத இடங்களில் அவற்றைக் கேட்டுப் பெறுவது உழைப்பாளியின் உரிமை.

ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் தோல் நோய்களுள் மாணவரை மிகுதியும் வருத்துவது சொறி சிரங்கு. விடுதிகளில் ஒரே பாயில் நெருங்கிப் படுப்போரிடையே இது விரைந்து பரவும். இதற்குக் காரணம் ஒரு நுண்ணிய சிற்றுண்ணி. பெண் உண்ணியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது மேல்தோலில் வளை தோண்டி, உள்ளே முட்டையிட்டு வாழ்கிறது. 1687ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்பவர் இதனை நுண்ணோக்கியில் கண்டு, வரைபடத்துடன் எழுதி வெளியிட்டார். அவருக்கு வழிகாட்டியது நூலறிவு அன்று. ஏழைத் தாய்மார் தம் மக்களின் கொப்புளங்களிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து எறிவதைப் பார்த்தே, அது யாது என்று ஆராயத் தலைப்பட்டார். ஒரு நோய்க்குரிய காரணம் இன்ன உயிர் என்று முதன்முதல் கண்ணால் கண்டு காட்டப்பட்டவற்றுள் சிரங்கும் ஒன்று. இருந்தும், கெட்ட இரத்தத்தால் சிரங்கு வருகிறது என்னும் நம்பிக்கை அதன்பின் நெடுங்காலம் நிலைத்து நின்றது. இன்றும் அவ்வாறு கூறுவார் உளர்.

விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களும், இரவில் மிகும் அரிப்பும் சிரங்கின் அடையாளங்கள். உண்ணி முதன்முறையாகத் தொற்றிய நாளிலேயே அரிப்புத் தோன்றாது. நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே தோன்றும். அரிப்பு இல்லாத அந்நாள்களிலும் ஒருவரிடமிருந்து நோய் பிறர்க்குப் பரவும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்திட்டால் நோய் தீராமைக்கு இதுவே காரணம். மருத்துவர் கொடுக்கும் களிம்பை வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே இரவில், கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை பூச வேண்டும். உடைகளையும் போர்வைகளையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். அலச இயலாதவற்றை ஒரு பையிலிட்டுக் கட்டி மூன்று நாள்களுக்குமேல் வைத்துவிட்டால், மனித உடலைப் பிரிந்த உண்ணி உள்ளேயே மடிந்துபோகும். சிரங்குதானே என்று இகழ்ந்துவிடுதல் பேதைமை. சொறிந்து புண்ணான இடத்தில் புகும் ஒருவகைக் கிருமியால் பின்னர்ச் சிறுநீரகம் அழற்சியுற்று, முகமும் காலும் வீங்கிய சிறுவர்கள் உண்டு.

படர்தாமரை என்பது பெயரளவில் அழகியது, நோயளவில் கொடியது. தாமரையிலைபோல் வட்டமாகப் படர்தலால் இப் பெயர் பெற்றது. தோலிலுள்ள கெரட்டினையே உணவாகக் கொள்ளும் பூஞ்சை இது. வியர்வை ஊறும் இறுக்கமான ஆடையும், ஒருவர் துண்டைப் பிறர் பயன்படுத்துவதும், முழுவதும் உலராத உள்ளாடையை அணிவதும் இதனை வளர்க்கும். இந் நோயைத் தீர்க்கும் நல்ல மருந்துகள் இருந்தும், அண்மைக் காலமாக இந்தியாவில் இது முன்னினும் பரவலாகவும் தீர்ப்பதற்கு அரியதாகவும் மாறியுள்ளது. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை மாணவர் நன்கு அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அரிப்புத் தாங்காத ஒருவன் மருந்துக்கடைக்குச் சென்று, ஏதேனும் ஒரு களிம்பு கொடுங்கள் என்று கேட்கிறான். கடைக்காரர் ஒரு குழாயை எடுத்துக் கொடுக்கிறார். பூசிய மறுநாளே அரிப்பு நிற்கிறது, சிவப்பும் மறைகிறது. கைகண்ட மருந்து என்று அவன் மகிழ்கிறான், நண்பர்க்கும் கூறுகிறான். அக் களிம்பில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்திருக்கிறது. தோலின் அழற்சியைத் தணிப்பது அதன் இயல்பு. அரிப்பும் சிவப்பும் பகைவனை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அடையாளங்களாகும். ஸ்டீராய்டு அப் போரை நிறுத்துகிறதேயன்றிப் பகைவனை அழிப்பதில்லை. காவலர் உறங்கிய கோட்டையில் கள்வர் பெருகுவதுபோல, பூஞ்சை தடையின்றிப் பெருகுகிறது. களிம்பை நிறுத்தியதும் அரிப்பு இருமடங்காக எழுகிறது. அவன் மீண்டும் அதே களிம்பை வாங்குகிறான். நாளடைவில் தோல் மெலிந்து, உள்ளேயுள்ள குருதிக் குழாய்கள் வெளியே தெரிய, தொடையிலும் அக்குளிலும் மாறாத கோடுகள் விழுகின்றன. அக் கோடுகள் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் வரிசையில் சேர்த்தது. சட்டம் உண்டு, அதனை வாங்குவோரும் அறிந்திருந்தால்தான் அது பயன் தரும். ஸ்டீராய்டு தன்னளவில் தீயது அன்று. தக்க நோய்க்கு, தக்க அளவில், மருத்துவர் தரும்போது அதுவே அருமருந்தாகிறது.

இதே களிம்புகளை வேறொரு நோக்கத்துடன் முகத்தில் பூசுவோரும் உளர். நிறம் வெளுக்கவேண்டும் என்பதே அந் நோக்கம். தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியைப் பொறுத்தது. அதனை உண்டாக்கும் அணுக்கள் கரியவர்க்கும் வெளியவர்க்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. மெலனின் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது அறியத்தக்கது. ஞாயிற்றின் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் உயிரணுவின் கருவைத் தாக்கிக் கெடுக்க வல்லவை. ஒவ்வோர் அணுவிலும் மெலனின் மணிகள் அக் கருவின் மேற்புறத்தே திரண்டு, ஒரு சிறு குடைபோலக் கவிந்து நின்று காக்கின்றன. கடும் வெயில் நாட்டு மக்களுக்கு இயற்கை அளித்த குடை கருமை. தோலில் புற்றுநோய் கருநிற மக்களிடம் மிக அருகிக் காணப்படுவதும் இதனாலேயே. இக் குடையைக் குறையென்று கருதிக் கிழித்தெறிவதற்குப் பணம் கொடுப்பது எத்துணை அறியாமை! வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் இருப்பதாகச் சோதனைகளில் கண்டுள்ளனர். பாதரசம் தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

குடை இருப்பினும் உச்சிவெயிலில் வீணே நிற்பது தகாது. உழவர் முண்டாசு கட்டுவதும், பெண்டிர் முக்காடிடுவதும் பட்டறிவால் வந்த நல்வழக்கங்கள். வெயிலை முற்றும் அஞ்சி ஒதுங்குவதும் வேண்டா. எலும்பை வலுவாக்கும் வைட்டமின் டி என்னும் சத்து, வெயில் படும்போது தோலிலேயே உண்டாகிறது. கருமை நிறத்தார்க்கு அது சற்று மெதுவாகவே உண்டாவதால், ஆடுகளத்தில் நாள்தோறும் சிறிது நேரம் விளையாடுவது அவர்க்குத் தேவை.

இதுவரை கூறியவை யாவும் தோலுக்குச் செய்யவேண்டுவன. இன்னும் ஒரு பழக்கம் உண்டு. அது தோலைப் பார்ப்பது. கண்ணாடியில் முகத்தைப் பலமுறை பார்ப்போரும் தம் முதுகை ஆண்டுக்கணக்கில் பார்ப்பதில்லை. மாதம் ஒரு முறையேனும் நல்ல பகலொளியில் கைகால்களையும், வீட்டிலுள்ளோர் துணையுடன் முதுகையும் பார்த்தல் வேண்டும். அங்கே சுற்றியுள்ள நிறத்தைவிட வெளிறியோ சிறிது சிவந்தோ ஒரு படை தோன்றலாம். பெரும்பாலும் அது தேமலாகவே இருக்கும், தேமல் எளிய பூஞ்சையால் வருவது, தீங்கற்றது. பால்போல் முற்றும் வெளுத்திருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். வெண்புள்ளி தொற்றுநோய் அன்று. தொழுநோயோடு அதற்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. முன்னாளில் அதற்கு வழங்கிய வேறொரு பெயரே மக்களிடம் வீண் அச்சத்தை விளைத்தது. ஆனால் அப் படையில் அரிப்பு இல்லை, வலி இல்லை, பஞ்சு நுனியால் வருடினாலும் உணர்வு தெரியவில்லை என்றால், அப்பொழுதே மருத்துவரை நாடுதல் வேண்டும். அது தொழுநோயின் தொடக்கமாக இருத்தல் கூடும்.

தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர் ஹான்சன் கண்டறிந்தார். அதன் பின்னரும், விரல்கள் அழுகி உதிர்வது அந் நோயின் இயல்பு என்றே உலகம் கருதி வந்தது. அக் கருத்தை மாற்றியவருள் முதன்மையானவர் பால் பிராண்டு. அவர் 1914ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியபோது, தொழுநோயாளிகளின் கைகளில் காணும் புண் ஒவ்வொன்றும் எவ்வாறு வந்தது என்று நுணுகி ஆராய்ந்தார். அடுப்பிலிருந்து கொதிகலத்தை வெறுங்கையால் இறக்கியவர், ஆணி தைத்த காலோடு நெடுவழி நடந்தவர், எலி கடித்தும் விழிக்காமல் உறங்கியவர் எனப் பலரைக் கண்டார். நோய்க்கிருமி நரம்பைக் கெடுத்தது. நரம்பு கெட்டதால் வலி மறைந்தது. வலி மறைந்ததால் காயம் மேற்காயமாகி விரல்கள் குறைந்தன. விரல்களைத் தின்றது நோயன்று, காவலின்மையே என்பது தெளிவாயிற்று. எல்லோரும் தீயதென்று கருதும் வலி, உண்மையில் தோல் நாள்தோறும் செய்யும் காவற்பணி என்பதை அவர் பின்னர் நூல்களிலும் எழுதினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவையால் மீண்டும் இயங்கச் செய்யும் முறையையும் அவர் வேலூரில் வளர்த்தார். அந் நகருக்கு அருகிலுள்ள கரிகிரியிலும், செங்கற்பட்டை அடுத்த திருமணியிலும் 1955ஆம் ஆண்டில் அமைந்த ஆராய்ச்சி நிலையங்கள் இத் துறையில் பெரும்பணி ஆற்றின.

இன்று தொழுநோய் முற்றும் தீர்க்கத்தக்க நோய். 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளை, நோயின் வகைக்கேற்ப ஆறு மாதங்களோ பன்னிரண்டு மாதங்களோ உட்கொண்டால் கிருமி அழிந்துவிடும். அரசு அம்மருந்துகளை விலையின்றி வழங்குகிறது. 2005ஆம் ஆண்டின் இறுதியில், நோயுடையோர் எண்ணிக்கை பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை இந்தியா அடைந்தது. ஆயினும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் ஆண்டுதோறும் இந் நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவருள் சிறுவரும் உளர். காலந்தாழ்ந்து வருபவர்க்குக் கிருமி அழியினும், கெட்டுப்போன நரம்பு மீள்வது அரிது. அவர் காலந்தாழ்ப்பது மருந்தின்மையால் அன்று, நாணத்தாலேயே. 1898ஆம் ஆண்டில் அயலார் ஆட்சியில் இயற்றப்பட்டு, ஏழை நோயாளிகளை அடைத்துவைக்க இடந்தந்த தொழுநோயாளர் சட்டம், 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணமாகலாம் என்றிருந்த விதியும் 2019ஆம் ஆண்டில் நீங்கியது. சட்டநூலிலிருந்து நீங்கிய இழிவு சில ஊர்களில் மக்கள் உள்ளத்திலிருந்து இன்னும் நீங்கவில்லை. அதனால்தான் தாயொருத்தி தன் மகன் முதுகிலுள்ள படையைச் சட்டையால் மறைக்கின்றாள்.

மறைக்காமல் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றால் என்ன நேரும் என்பதையும் அவள் அறிதல் வேண்டும். மருத்துவர் அவனைக் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நுனியால் படையின் உள்ளும் புறமும் தொட்டு, எங்கே உணர்கிறாய் என்று கேட்பார். முழங்கையின் பின்புறத்தும் முழங்காலின் பக்கத்தும் நரம்பு தடித்துள்ளதா என்று தடவிப் பார்ப்பார். நோய் உறுதியானால், மாதந்தோறும் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளை அட்டையாகக் கொடுப்பார். உடன் வாழ்வோரையும் சோதித்து, நோய் வராமல் காக்கும் மருந்தை ஒரே ஒரு வேளை தருவார். மாத்திரை உட்கொள்ளத் தொடங்கிய சில நாள்களிலேயே நோய் பிறர்க்குத் தொற்றும் ஆற்றல் அற்றுவிடுகிறது. அவனை வீட்டில் ஒதுக்கி வைக்க வேண்டுவதில்லை. தட்டையும் குவளையையும் பிரிக்க வேண்டுவதில்லை. அவன் பள்ளிக்குச் சென்று, வகுப்பில் தனக்குரிய இடத்தில், தன் நண்பன் அருகிலேயே அமர்ந்து படிக்கலாம்.